ஐடிலில் நடுங்கிய என் ஃபியட்

அளப்பதுதான் எங்கள் தொழில். காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில், அளவுக்கருவிப் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். எதைக் கண்டாலும் அதில் ஒரு மீட்டரை மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். பழைய கார் வைத்திருந்து, பச்சை விளக்கு எரியும் நேரம் பார்த்து எஞ்சின் அணைந்து, பின்னால் ஊரே ஹாரன் அடிக்கக் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த நண்பர்களே, இது உங்களுக்காகத்தான்.

பட்டுப்புடவையும் பம்பரும்

என்னிடம் ஒரு பழைய ஃபியட் இருந்தது. அதன் டேஷ்போர்டில் நானே ஒரு வேக்குவம் மீட்டர் மாட்டியிருந்தேன். பழைய சாமான் விற்கும் ஜும்மேராத் பஜாரில் பேரம் பேசி வாங்கியது. எஞ்சின் காற்றை எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று காட்டும். அதற்காக எஞ்சினில் ஒரு துளை போட்டு, அங்கிருந்து டேஷ்போர்டு வரை ரப்பர் குழாய் இழுத்திருந்தேன். அந்தக் கார் ஓடும்போது தேவலை. நின்று, எஞ்சின் மட்டும் ஐடிலில் ஓடினால் மலேரியா வந்தது போல் நடுங்கும், பிறகு அணைந்துவிடும்.

செகந்திராபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் என் மனைவி வசந்தா, "கால்கிட்ட உஸ்ஸுனு ஒரு சத்தம் வருதுங்க" என்றாள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "டிராஃபிக் இரைச்சல்" என்றேன். அடுத்த சிக்னலில் கார் அணைந்தது. சாஃப்ட்வேர் சம்பளத்தில் வாங்கிய புதுக் கார்கள் பத்துப் பதினைந்து பின்னால் நின்று அலறின. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, பட்டுப்புடவையோடு வசந்தா இறங்கித் தள்ளினாள். ஓரம் கட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே இந்த வண்டியில ஏற மாட்டேன். ஆட்டோக்காரன் பத்து ரூபா கூடக் கேட்டாலும் கேட்கட்டும், அவன் என்னைத் தள்ளச் சொல்ல மாட்டான்."

சிலபஸில் இல்லாதது

சொன்னபடியே செய்தாள். இதில் எனக்கு நஷ்டம் பெரிது. சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் டேங்க் பண்ட் ஏரிக்கரை வரை போய் வருவது பல வருஷப் பழக்கம். என் வேலையைப் பற்றி வீட்டில் மூச்சு விடக்கூடாது. வீட்டைப் பற்றிக் கேட்க எனக்கு வேறு நேரமும் கிடையாது. நாங்கள் நிதானமாகப் பேசிக்கொண்டது அந்தக் காரில் மட்டும்தான். அது நின்றுபோனதில் உள்ளுக்குள் ரொம்ப வலித்தது. ஆனால் வலியை அளக்க மீட்டர் இல்லாததால், எஞ்சினைக் கவனித்தேன்.

குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு சுப்பாராவ் ராக்கெட் எஞ்சின் நிபுணர். நாங்கள் பதினைந்து வருஷமாகத் தமிழும் தெலுங்கும் கலந்து பேசிக் காலம் தள்ளியவர்கள். அவரைக் கூப்பிட்டேன். பானெட்டுக்குள் தலையை விட்டு, கார்புரேட்டர் திருகை இரண்டு சுற்றுத் திருகி, பிறகு இரண்டு சுற்றுத் திருப்பி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உண்மையை ஒப்புக்கொண்டார்: "நம்ம எஞ்சின் ஒருசாரி பத்தவெச்சா எகிரிப் போயிடும் சார், திரும்பி வராது. சிக்னல்ல நிக்கிறதெல்லாம் நம்ம சிலபஸ்லயே லேது."

மறு ஆய்வுக் கமிட்டி

செய்தி பரவியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வாசலில் கமிட்டி கூடியது. எலெக்ட்ரானிக்ஸ்காரர் ஸ்பார்க் பிளக்கையும் கண்டென்சரையும் மாற்றினார். உலோகவியல்காரர் வால்வு தேய்ந்திருக்கிறது என்று சத்தியம் செய்தார். அவரவர் கையில் எந்தத் துறை இருந்ததோ அந்தத் துறையில்தான் கோளாறு. போகிறபோது எல்லோரும் ஆளுக்கு அரைச் சுற்று அந்தத் திருகையும் திருப்பிவிட்டுப் போனார்கள்.

நான் சும்மா இருப்பேனா? தினம் காலை மீட்டரைப் பார்த்து அளவு குறித்து, வரைபடம் போட்டு, நான்கு பிரதி எடுத்து விநியோகித்தேன். அளவு குறைவாகவே இருந்தது, முள்ளும் எஞ்சினோடு சேர்ந்து நடுங்கியது. எல்லோரும் அந்தக் காகிதத்தைத்தான் ஆராய்ந்தார்கள். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு நடராஜன் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, நெகிழ்ந்துபோய் என் கையைக் குலுக்கினார்: "வண்டி சரியாகலைன்னா என்ன சார், டாக்குமெண்டேஷன் பிரமாதம்."

மாதாப்பூர் வைத்தியம்

மகள் சாரு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தாள். தமிழில் கேட்டால் மூன்று பாஷையில் பதில் சொல்வாள். காரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீர்களா என்று முதலில் கேட்டாள். அது தானாகவே ஆஃப் ஆவதுதான் பிரச்சினை என்று விளக்கினேன். அவள் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆறுதல் சொன்னாள்: "எங்க ஆபீஸ்ல பிராஜெக்ட் இல்லாம உக்காந்திருக்கிறவங்களும் இப்படித்தான் நடுங்குவாங்க டாடி. லைட் தீஸ்கோ, கண்டுக்காதீங்க."

காஜா பாய்

வேறு வழியில்லாமல் சந்தோஷ் நகர் மெக்கானிக் காஜா பாயிடம் போனேன். முதலிலேயே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவர் பானெட்டைத் திறந்தார், என் வரைபடங்களைப் பார்த்தார், இதுவரை யார் யார் கை வைத்தார்கள் என்று விசாரித்தார். பட்டியலைச் சொல்லி முடித்ததும் பானெட்டை மெதுவாக மூடினார். இத்தனை டாக்டர்கள் தொட்ட நோயாளியைத் தொட அவருக்கு இஷ்டமில்லையாம். "ஹவ் ஸாப், இத்னே டாக்டராங் ஹாத் லகாயே. அப் மேரேகு நக்கோ."

இடப்பக்க சீட்

நான்கு மாதம் ஆயிற்று. பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிறு பத்து மணிக்கு வருவதாகச் சொன்னான். ஒன்பது மணிக்கே கமிட்டி கூடி, எஞ்சினை ஓடவிட்டுக் கடைசி அளவு எடுத்துக்கொண்டிருந்தது. நான்கு தலைகள் பானெட்டுக்குள் இருந்தன, என்னுடையதையும் சேர்த்து.

டேஷ்போர்டு பெட்டியில் இருந்த தன் மூக்குக் கண்ணாடியையும் விபூதிப் பொட்டலத்தையும் எடுக்க வசந்தா வந்தாள். பழக்கத்தில் தன் சீட்டில் உட்கார்ந்து குனிந்தாள். சட்டென்று எஞ்சின் நடுக்கம் நின்றது. இரண்டு விநாடி கழித்து மறுபடி நடுங்கியது, மறுபடி நின்றது. எந்தத் திருகைத் திருப்பினீர்கள் என்று சுப்பாராவ் என்னைக் கேட்டார். நான் எதையும் தொடவில்லை. எட்டிப் பார்த்தால், வசந்தா பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, என் மீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். குழாய் வெடித்திருந்தது. எஞ்சின் அந்த வெடிப்பு வழியாகத்தான் இத்தனை நாளும் வேண்டாத காற்றை இழுத்து நடுங்கியிருக்கிறது. மீட்டர் முள் முதல் முறையாக ஆடாமல் நின்றது. நான்கு தலைகளும் பானெட்டை விட்டு அவள் பக்கம் திரும்பின. அவள் சொன்னாள்: "குக்கர்ல கேஸ்கட் போனா சத்தத்துலயே தெரியும் எனக்கு. அன்னிக்கே சொன்னேன், டிராஃபிக்னீங்க."

டேங்க் பண்ட்

இரும்புக்காரனைத் திருப்பி அனுப்பினேன். மீட்டரையும் குழாயையும் கழற்றி, எஞ்சினில் போட்ட துளையை அடைத்தேன். காஜா பாய் மனமிரங்கி, கமிட்டி திருப்பிய திருகுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். சனிக்கிழமை நான் கூப்பிடவில்லை, கூப்பிடப் பயம். வசந்தாவே கைப்பையோடு வந்து ஏறினாள்.

முதல் சிக்னலில் சிவப்பு. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எஞ்சின் அலுங்காமல் ஓடியது. பழக்க தோஷத்தில் என் கண் டேஷ்போர்டுக்குப் போனது. அங்கே வட்டமாக ஒரு ஓட்டைதான் இருந்தது. வசந்தா என் பக்கம் திரும்பினாள்: "பாக்கறதுக்கு மீட்டர் இல்லல்ல? இப்பவாவது நான் சொல்றதைக் கேளுங்க."

இருபத்தாறு வருஷ அனுபவசாலியின் இறுதி அறிக்கை இதுதான்: அந்தக் காரில் கடைசிவரை பழுதாகாமல் வேலை செய்த கருவி இடப்பக்க சீட்டில்தான் இருந்தது, அதில் மட்டும் நான் ரீடிங் எடுக்கவே இல்லை.