கொடைக்கானல் பக்கம் திரும்பிய ஆண்டெனா

பாண்டியன் எக்ஸ்பிரஸிலிருந்து மதுரை சந்திப்பில் இறங்கியபோது காலை ஆறு மணி பத்து நிமிடம். ஆண்டு 2004, பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. கிழமையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று மாலை சென்னையில் ஒரு வீணைக் கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தாரை வார்த்துவிட்டு வந்த கடுப்பு, மதுரை வெயில் ஏறுவதற்கு முன்பே எனக்கு ஏறியிருந்தது.

எனக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று சோறு போடுகிறது. நெட்வொர்க் இன்ஜினியர் வேலை. இன்னொன்று அந்தச் சோற்றைத் தின்கிறது, பாட்டு. ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து மாட்டுவதும், ஒரே ஆலாபனையை நான்கு ஹெட்போன்களில் மாற்றி மாற்றிக் கேட்பதும்தான் என் விடுமுறை நாட்கள். வீட்டில் எனக்கு ஸ்பீக்கர் பெட்டி என்று பெயர்.

நான் வேலை பார்த்த கம்பெனி, தொலைபேசிக் கம்பி வழியே இன்டர்நெட் எட்டாத கிராமங்களுக்கு ஆகாய வழியாக அதைக் கொடுத்துவந்தது. அலங்காநல்லூருக்கு அப்பால் ஓர் ஊரில், மலர்க்கொடி என்ற பெண் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு இரண்டு மாதம் முன்னால் நாற்பதடிக் கம்பம் நட்டு, உச்சியில் ஓர் ஆண்டெனாவைப் பொருத்தியிருந்தோம். மதுரையின் வடக்கு ஓரத்தில் இருந்த எங்கள் கோபுரத்தை அது பார்த்துக்கொண்டிருந்தால் போதும், இன்டர்நெட் வரும். வியாழக்கிழமை அது செத்துப்போனது. மதுரைக் கிளை ஆள் தங்கை கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தான். மலர்க்கொடி சென்னைக்கே போன் போட்டுவிட்டார்.

"சார், ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு எந்தம்பி நாக்பூர்ல இருந்து மொதமொதலாக் கம்ப்யூட்டர்ல வாரான். முறுக்குக் கம்பெனியில வேல பாக்குறான். அடுத்த வாரம் அவுக மொத்தமா ஒரிசாப் பக்கம் போறாக. அங்கிட்டு இந்த வசதியெல்லாம் கெடையாதாம். ஆத்தா பிள்ளயப் பாத்து ரெண்டு வருசமாச்சு சார்."

அதற்குமேல் வீணையைப் பற்றி எப்படிப் பேசுவது?

காலை ஏழு மணிக்குப் பெரியார் நிலையத்தில் பஸ் ஏறினேன். நடத்துனரிடம் ஊரின் பெயரைச் சொல்லி, "வந்தால் சொல்லுங்கள்" என்றேன். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று மலர்க்கொடி கேட்டுக்கொண்டதால் இங்கே விட்டுவிடுகிறேன். கோரிப்பாளையம் சந்திப்பில் பஸ் கால் மணி நேரம் நின்றது. தர்கா பக்கம் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. செல்லூர் தாண்டியதும் காற்று மாறியது. கரும்பு, தென்னை, அறுப்பு முடிந்த வயல்கள், கால்வாய்க் கரையில் குளிக்கும் ஆட்கள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன். நடத்துனர் என் தோளைத் தட்டி, "அண்ணே, எறங்குங்க. கொழாச் சத்தம் கேக்குற பக்கமா நடந்தீகன்னா ஊரு வந்துரும்" என்றார்.

ஹெட்போனைக் கழற்றினேன். கழற்றாமலே கேட்டிருக்கும். வயல்களுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குழாய் ஒலிபெருக்கி அம்மன் பாட்டை அலறிக்கொண்டிருந்தது. எனக்கும் குழாய்க்கும் ஆகாது. தாழ்ந்த சுரங்கள் அதில் வராது, உயர்ந்த சுரங்கள் கிழியும். இடையில் மிஞ்சுவதெல்லாம் மூக்கால் வரும். எந்தப் பாடகி பாடினாலும் அதில் ஒரே பாடகிதான்.

ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம். ஊர்ப் பொதுவிடமான மந்தையைத் தாண்டி, சுவரில் நீலம் பூசிய காரைவீடு; முன் அறைதான் சென்டர். மலர்க்கொடிக்கு முப்பது வயது இருக்கும். பி.காம். படித்தவர். கையில் காப்புக் கயிறும் தோளில் ஈரத் துண்டுமாக வந்தவர், நான் உட்காருவதற்குள் மோர் கொடுத்துவிட்டார். அவருடைய அம்மா பேச்சியம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் புதுச் சேலையுடன் உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு வரவேண்டிய மகனுக்காகக் காலை எட்டரைக்கே தயார்.

பையிலிருந்து ஒரு மைக் வைத்த ஹெட்போனை எடுத்து மேசையில் வைத்தேன். என் சொந்தப் பணத்தில் வாங்கியது. "அம்மா இதை மாட்டிக்கொண்டு பேசினால் மகன் பக்கத்தில் இருந்து பேசுகிற மாதிரி கேட்கும்" என்று பெருமையடித்தேன்.

மலர்க்கொடி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி ஐயனாருக்குக் காது கேக்காது சார். பேச்சும் கெடையாது. பொறவியிலயே."

ஹெட்போனைத் திரும்ப எடுத்துப் பையின் அடியில் திணித்தேன்.

"மத்தவுக பிள்ளைகளெல்லாம் வெளியூர்ல இருந்து போன்ல பேசுவாக. எங்களுக்கு அவன்கூட இருக்க முருகேசன் பேசுவான். நல்லாருக்கான், நல்லாருக்கான்னுவான். அம்புட்டுத்தான். ஆத்தா ரிசீவரக் காதுல வச்சிக்கிட்டு, பின்னால ஏதாச்சும் சத்தம் கேக்குதான்னு பாக்கும். இந்த சென்டர நான் எடுத்ததே இவுக ரெண்டு பேரும் பேசணும்னுதான் சார்."

மொட்டை மாடிக்குப் போனேன். கம்பம் வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணில் நட்டு, சுவரோடு போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருந்தது. அண்ணாந்து பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. உச்சியில் எங்கள் ஆண்டெனாவுக்கு மேல் இரண்டு குழாய்கள் பூமாலையோடு வீற்றிருந்தன. ஊரிலேயே உயரமான கம்பம் எங்களுடையதாயிற்றே! எங்கள் ஆண்டெனாவோ தெற்கே மதுரையைப் பார்க்காமல், மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மைக் செட்டின் சொந்தக்காரர் மந்தைப் பந்தலில் இருந்தார். காதர் பாய். கோரிப்பாளையத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். இந்த ஊர் அம்மன் திருவிழாவுக்கு இருபது வருடமாக இவர் செட்தான்.

"பாய், அந்த ஆண்டெனாவை யார் திருப்பினது?"

"நாந்தேன் சார்" என்றார், சபாஷ் வாங்கப்போகிறவர் மாதிரி. "கொழாயக் கட்ட ஏறுனேன். பாத்தா, கோக்குமாக்கா தெக்க பாத்துக்கிட்டு இருக்கு. மதுர ஜில்லாவுல எந்த ஆண்டெனாவும் கொடைக்கானலப் பாத்துத்தான சார் இருக்கணும்? பாவம், பொம்பளப் பிள்ள கட, டிவி தெரியாமக் கெடக்கும்னு கரெக்டாக் கொடைக்கானலுக்குத் திருப்பி டைட்டு வச்சேன். பழைய ஸ்க்ரூ துருப்பிடிச்சிருந்துச்சு, நம்ம ஸ்க்ரூவே நாலு போட்டிருக்கேன்."

கோபப்படத்தான் போனேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பென்ன? கொடைக்கானல் மலையில் டிவி கோபுரம் வந்த நாளிலிருந்து இந்தச் சீமையில் அத்தனை மாடிகளிலும் ஆண்டெனாக்கள் அந்தத் திசையைத்தான் கும்பிட்டுக்கொண்டிருக்கின்றன. விஷயத்தைச் சொன்னதும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! ஐயனாரு பயலுக்கா? அவனை எனக்கு இம்புட்டுப் பிள்ளையிலருந்து தெரியும் சார்."

குழாய்களை இறக்கிவிடலாமா என்று கேட்டேன். முடியாதாம். காப்புக் கட்டிய பிறகு சாமிக்காகக் கட்டியதை அவிழ்க்கும் வழக்கம் இல்லை. சரி, அரை மணி நேரம் பாட்டையாவது நிறுத்துங்கள், மேலே ஏறிக் கீழே இருப்பவரிடம் போனில் பேச வேண்டும் என்றேன். அதுவும் முடியாதாம். பகலில் குழாய் ஓய்ந்தால் ஊரில் சாவு விழுந்துவிட்டது, திருவிழா நின்றுவிட்டது என்று சுற்றுப்பட்டி முழுக்க நினைத்துக்கொள்ளுமாம். சம்பந்தி வீட்டார் மாலையோடு வந்து நிற்பார்களாம்.

பகல் பதினொன்றரை மணிக்கு, இடுப்பில் கயிறு கட்டி, காதில் பஞ்சு அடைத்து, நான் கம்பத்தில் ஏறினேன். பாய் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஆண்டெனாவைத் தளர்த்தித் தெற்கே திருப்புவது எளிது. ஆனால் பதினாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்தை ஊகமாகக் குறிபார்க்க முடியாது. கீழே கருவியில் சிக்னல் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒருவர் சொல்ல வேண்டும். மாடியில் கருவியோடு நின்ற மலர்க்கொடி கத்திச் சொன்னார். வாய் அசைந்தது, அவ்வளவுதான். என் காதுக்கு ஓர் அடி மேலே அம்மன் கற்பூரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மலர்க்கொடி கத்துவதை நிறுத்தினார். கருவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கையைத் தூக்கினார். சுட்டுவிரல் நுனியைக் கட்டைவிரலால் தொட்டு லேசாக உருட்டினார்: கொஞ்சம். உள்ளங்கையை நெஞ்சுப்பக்கம் இழுத்தார்: திரும்பி வா. புருவத்தைத் தூக்கி முகத்தைச் சுளித்தார்: போச்சு, கெட்டுப்போச்சு. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாம் விளங்கியது. கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் தரைப்பக்கம் அமுக்கிக் காட்டினார். அசையாதே. நான் போல்ட்டை முறுக்கினேன். எத்தனையோ கோபுரங்களில் போனில் கத்திக் கத்திச் செய்த வேலை. இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் முடிந்ததில்லை.

கீழே இறங்கி, வாழை இலையில் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். காதுக்குள் அந்தக் குழாய் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு ஐயனார் வந்தான். நாக்பூர் ப்ரவுசிங் சென்டரில் அவனும் முருகேசனும் ஒரே நாற்காலியில் ஒண்டியிருந்தார்கள். திரையில் அவனைப் பார்த்ததும் பேச்சியம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். அவன் கையை ஆட்டத் தொடங்கினான். அங்கேதான் வந்தது வினை. படம் ஓர் இடத்தில் உறைந்தது. அடுத்த படம் வருவதற்குள் கை எங்கேயோ போய்விட்டிருந்தது. இடையில் வெறும் புகை.

"சார், கையக் காணோம்" என்றார் மலர்க்கொடி. "பாதிப் பேச்சுத்தான் வருது."

எங்கள் தொழிலில் குரலுக்குத்தான் முதல் மரியாதை. இன்டர்நெட் பாதை நெரிசலானால் படத்தை வெட்டு, பேச்சைக் காப்பாற்று. மென்பொருள்களும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. இருந்த குறுகலான பாதையில் பாதியை, நாக்பூர் மின்விசிறியின் சத்தமும் எங்கள் குழாய்ச் சத்தமும் அடைத்துக்கொண்டிருந்தன. யாருக்காக? மைக்கை அணைத்தேன். ஸ்பீக்கரை அணைத்தேன். முருகேசனுக்கு டைப் செய்து அங்கேயும் ஒலியை அணைக்கச் சொன்னேன். படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினேன். வாழ்நாளெல்லாம் நல்ல ஒலிக்காக அலைந்தவன், ஒலியை முழுசாகக் கழித்துக் கட்டியது அன்றைக்குத்தான்.

கைகள் வந்தன. சின்னதாக, ஆனால் ஓட்டமாக.

அம்மாவும் மகனும் பேசினார்கள். மலர்க்கொடி எனக்குச் சிலதைச் சொன்னார், சிலதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மாள் கையை நிறுத்திவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"ஏண்டி மலரு, இவன் ஒத்தக் கையில பேசுறான்."

நான் கவனிக்கவே இல்லை. அவன் இடது கையால் மட்டுமே பேசிக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் தன் வலது முழங்கையைத் தட்டிக் காட்டினார். அவன் தலையை ஆட்டினான். மறுபடி தட்டினார், இந்த முறை பலமாக. அவன் மெல்ல வலது கையை மேசைக்கு மேல் கொண்டுவந்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை துணி சுற்றியிருந்தது. முறுக்குச் சட்டியின் கொதிக்கும் எண்ணெய்.

இரண்டு வருடமாகப் போனில் கேட்ட நல்லாருக்கானுக்கு அன்று கணக்குத் தீர்த்தார் பேச்சியம்மாள். வளையல் குலுங்க, இரண்டு கையாலும், மகனோடு சேர்த்து முருகேசனுக்கும். முருகேசனுக்கு அந்தப் பேச்சு தெரியாதென்றாலும் தலையைக் குனிந்துகொண்டான். "நாளைக்கே ஆசுபத்திரி போவணுமாம். போயிட்டு வந்த சீட்டக் கேமராவுல காட்டணுமாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் மலர்க்கொடி அழுதுவிட்டார். ஐயனார் மட்டும் சிரித்தான். திட்டு வாங்குவதற்கு அவ்வளவு ஏங்கிய முகத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு அவன் இடது கையைக் குவித்து வாயருகே வைத்து விரித்தான். புருவத்தைத் தூக்கினான்.

"கொழா கட்டியாச்சான்னு கேக்குறான்" என்றார் மலர்க்கொடி. "சின்னதுல திருவிழாவுக்குத் திருவிழா கொழாய்க் கம்பத்தக் கட்டிப்பிடிச்சிக்கிட்டே நிப்பான் சார். சோத்துக்குக்கூட வரமாட்டான். அதுலதான் அவன் பாட்டுக் கேப்பான்."

பேச்சியம்மாள் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். கம்பம் போல்ட் போட்டிருந்த இடத்தில் ஒரு கையை விரித்து வைத்தார். சுவர் அதிர்வது நான் நின்ற இடத்திலேயே தெரிந்தது. இன்னொரு கையைக் கேமராவுக்கு முன் நீட்டி, மூடித் திறந்து மூடித் திறந்து, சுவரில் வந்ததை அப்படியே காட்டினார். நாக்பூரில் ஐயனார் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இடது கையால் மேசையைத் தட்டத் தொடங்கினான். ஒரு நொடி தாமதம், அது பாதையின் குற்றம். தாளம் தப்பவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். செட்டுக்கு ஊர்க்காரர் ஒருவரைக் காவல் வைத்துவிட்டு, காதர் பாய் தன் டிவிஎஸ் வண்டியில் என்னைக் கோரிப்பாளையம் வரை கொண்டுவந்து விட்டார். வழியில் நடந்ததைச் சொன்னேன். தாளம் என்றதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"நம்ம செட்டுக்கா? நாக்பூர்லயா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பாட்டுக்கு சார் தட்டுனான்? சொல்லுங்க, ராத்திரி போயி அதையே மறுபடி போடுறேன்" என்றார்.

யோசித்தேன். இரண்டு நொடி கேட்டால் பாட்டைச் சொல்லிவிடுவேன் என்று ஆபீஸில் பந்தயம் கட்டுகிறவன் நான். தலைக்கு மேல் அவ்வளவு நேரமும் குழாய் அலறிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

"தெரியல பாய்" என்றேன். "என் காதுல எதுவுமே விழல."