பாதி ஊருக்கு வெளிச்சம்

என் பேத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். அவள் கொட்டாவி விடுவதே தனி அழகு. ஆனால் இது அவளுடைய இன்னொரு தாத்தாவின் கதை. என் சம்பந்தி சம்பத்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அவர் எலக்ட்ரீஷியன். பசை தடவும் வேலைக்குச் சேர்ந்து, பழுதான மோட்டாரைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். கல்யாணத்துக்கு வந்தால்கூட சட்டைப்பையில் டெஸ்டர் இருக்கும்.

அவர் ஊரில் கடைத்தெரு, ஓடைத்தெரு என்று இரண்டே தெரு. இரண்டுக்கும் ஒரே லைன். சம்பத் வீடு இருக்கும் ஓடைத்தெருவில் மரம் ஜாஸ்தி. காற்றடித்துக் கம்பி மேல் கிளை விழுந்தால் ஊரே இருட்டு.

அப்போது அங்கே ஒரு பழக்கம் உண்டு. கடைத்தெருவில் தோல் யூனிட் வைத்திருக்கும் சூரியபிரகாஷின் லோடு வண்டி கிளம்பும். முன்சீட்டில் அவர், பின்னால் தோல் நாற்றத்தில் இரண்டு தெரு ஆட்களும். கரண்ட் ஆபீஸ் வாசலில் கும்பலாக நிற்பார்கள். லைன்மேனை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் திரும்புவார்கள்.

ஓடைத்தெருவில் கிளை விழுந்தால் கடைத்தெரு ஏன் இருட்டாக வேண்டும் என்று சம்பத்துக்குத் தோன்றியது. தெருவுக்கு ஒரு ஸ்விட்ச் வைத்தால் பழுதான பக்கத்தை மட்டும் நிறுத்தலாம். கம்பெனியில் அப்படித்தான் செய்கிறார்கள். கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்தார்.

அவர் மனைவி மீனாம்பாளுக்குத்தான் இது பிடிக்கவில்லை. "போனா எல்லாருக்கும் ஒண்ணா போவட்டும். பிரிச்சு வெச்சா நம்மள எவன் கேப்பான்?"

சம்பத் சிரித்தார். சூரியபிரகாஷ் அவருக்குப் பள்ளிக்கூடத்து தோஸ்த். டீக்கடையில் எல்லார் முன்னாலும் அவர் தோளில் கைபோட்டுச் சொல்லியிருந்தார்: "எந்தப் பக்கம் இருட்டுன்னாலும் வண்டி ஒண்ணுதான் சம்பத்." சம்பத்துக்கு அந்த வார்த்தை போதும்.

ஸ்விட்ச் வந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று லைன்மேன் பெட்டிச் சாவியைச் சம்பத்திடமே கொடுத்தார்.

கார்த்திகைப் புயலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் சம்பத்தின் மகள், என் மருமகள் தமிழினிக்குப் பெண் பிறந்தது. தாய்வீட்டில்தானே இருக்க வேண்டும், ஓடைத்தெருவில் இருந்தாள். பேத்திக்கென்று சம்பத் தன் கையாலேயே உத்தரத்தில் கொக்கி அடித்துத் தொட்டில் கட்டினார்.

புயலில் ஓடைத்தெருப் புளியமரம் இரண்டு கம்பத்தோடு சாய்ந்தது. மறுநாள் லைன்மேன் போனில் சொல்லச் சொல்ல, சம்பத் ஓடைத்தெருவை நிறுத்திக் கடைத்தெருவுக்குக் கரண்ட் கொடுத்தார். கடைத்தெருக்காரர்கள் அவருக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு வண்டி கிளம்பவில்லை. அடுத்த நாளும் இல்லை. சம்பத் ஆபீசுக்குப் போன் போட்டார். பாதி ஊருக்குக் கரண்ட் இருக்கிறதே, முழுசாகப் போன ஊர்களை முடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது.

நான் போய்ப் பார்த்தபோது வீட்டில் போர் மோட்டார் ஓடாமல் தண்ணீர் இல்லை. குழந்தையின் துணி துவைக்காமல் கிடந்தது. ஓடைக் கொசு கடித்து அவள் முகமெல்லாம் சிவப்புத் தடிப்பு. நானும் சம்பத்தும் கடைத்தெருவுக்குப் போனோம்.

யூனிட்டில் மிஷின் சத்தம் காதைப் பிளந்தது. சூரியபிரகாஷ் கேட்டுக்கு வெளியே வந்தார். "இன்னா சம்பத், சூப்பர் வேல பண்ணிக்கிற. மிஷின் நிக்கவே இல்ல."

சம்பத் வண்டியைக் கேட்டார்.

"வாணியம்பாடிக்கு லோடு போவுது. எங்களுக்குக் கரண்ட் இருக்குது, நான் வந்து நின்னா சிரிப்பாங்க. உங்க தெரு ஆளுங்களே போங்களேன்."

 திரும்பும் வழியில் சம்பத் ஸ்விட்ச் பெட்டி முன்னால் நின்று சாவியை எடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கடைத்தெருவையும் நிறுத்தினால் வண்டி தானாகக் கிளம்பும்.

"எறக்குங்க சம்பந்தி" என்றேன்.

பெட்டியைத் திறந்து ஸ்விட்ச் மேல் கை வைத்தார். எதிர்வீட்டு ஜன்னல் வழியாக ஆக்சிஜன் மிஷின் சத்தம் கேட்டது. அந்த வீட்டு ஹுமேராவின் மாமியாருக்கு வைத்தது. சம்பத் கையை எடுத்துவிட்டார்.

"அந்தம்மா மூச்சு இதுல ஓடுது" என்று பெட்டியைப் பூட்டினார்.

வீட்டுக்கு வந்து தொட்டிலைத் தானே அவிழ்த்தார். "கொயந்தைய நீங்க கூட்டினு போங்க சம்பந்தி. இங்க வேணாம்."

மீனாம்பாள் எதுவும் சொல்லவில்லை. அப்போதே சொன்னேனே என்று திட்டியிருந்தால் சம்பத்துக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

எங்கள் ஊர் பள்ளிகொண்டா வரைக்கும் ஆட்டோவில் தமிழினி பக்கத்தில் இருக்க, பேத்தி என் மடியிலேயே தூங்கினாள். எனக்கோ சந்தோஷத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. ஆட்டோ கிளம்பும்வரை அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சம்பத்தின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

கரண்ட் வந்த பிறகு அவர் பேத்தியைப் பார்க்க வந்தார். ஸ்விட்சை எடுத்துவிட்டுப் பழையபடி ஒரே லைனாகப் போடச் சொல்லி ஆபீசில் கேட்டாராம்.

"இன்னா சொன்னாங்க?"

"நல்லாத்தானே வேல செய்யுதுன்னாங்க."

பேத்தி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். எப்போது கூட்டிப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. மழைக்காலம் முடியட்டும் என்று அவராகவே சொன்னார்.