ஒரு பஸ்சு மூப்பு

எங்கள் ஏலக்காய் குடோனில் மேஸ்திரிக்கு வேலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. வாசலில் நிற்க வேண்டும். ஜீப்பிலிருந்து மூட்டை இறங்கி உள்ளே போகும்போது அது யார் தோட்டத்துக் காய் என்று பார்த்து, அந்தத் தோட்டத்துக்கு என்று வைத்திருக்கும் கலர் சாக்பீஸால் மூட்டையின் மேல் ஒரு கோடு இழுக்க வேண்டும். அவ்வளவுதான். தூக்க வேண்டாம், சுமக்க வேண்டாம். உட்கார நாற்காலி கிடையாது என்பதைத் தவிர அது ராஜா வேலை.

அந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்ததைவிட பெஞ்சு தூக்கியதுதான் அதிகம். ஆண்டு விழா வந்தால் வாத்தியார் என்னைத்தான் தேடுவார். பரீட்சை வந்தால் நான் வராமல் இருந்தால் நிம்மதியாக இருப்பார். அப்படியே பழகிப்போய், மீசை முளைத்ததும் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு போடிக்கு வந்துவிட்டேன். இன்றுவரை அவிழ்க்கவில்லை. மூளை இருக்க வேண்டிய இடத்தில் சும்மாடு இருக்கிறது என்று என் பெண்டாட்டி சொல்வாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நாளாக வலது முட்டி பேச ஆரம்பித்திருந்தது. மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறும்போது கடக் என்று ஒரு சத்தம். முதலில் பலகைதான் முறிகிறது என்று நினைத்துப் பயந்து கீழே குதித்தேன். குதித்தபோது இரண்டு கடக். மேஸ்திரி வேலை கிடைத்தால் முட்டி பிழைக்கும், இல்லாவிட்டால் இன்னும் எத்தனை சீசன் தாங்கும் என்று எனக்கே தெரியாது. என் ஆசைக்குக் காரணம் அதுதான். கௌரவமெல்லாம் பிற்பாடு சேர்ந்துகொண்டது.

மூட்டை தூக்கும் எங்கள் செட்டில் கூலி பொது. எல்லாரும் சேர்ந்து இறக்குவோம், வந்ததைச் சமமாகப் பிரித்துக்கொள்வோம். அதனால் வரிசையில் முன்னால் போகிறவனை முந்தக்கூடாது என்பது எழுதாத சட்டம். எழுதியிருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன். நான் முந்துவேன். மற்றவர்கள் மூன்று நடை நடந்தால் நான் நாலாவதில் இருப்பேன். அதனால் எனக்கு ஒரு காசு கூடுதலாக வந்ததில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு இரைப்பும் எனக்கு வசவும்தான் வந்தன. ஆனால் மாடி ஜன்னலில் மேனேஜர் நிற்பார். அவர் என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் எனக்குக் கால் தரையில் பாவாது.

வரிசையில் எனக்கு முன்னால் எப்போதும் ஒருவர் போவார். சிலமலைக்காரர். ஊர்ப் பேர்தான் செட்டில் அவருக்குப் பேர். நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். சொந்தமெல்லாம் கிடையாது, வாய்ப் பழக்கம். அவர் நடப்பதைப் பார்த்தால் கோயில் யானை நினைவுக்கு வரும். யானையாவது வாழைப்பழத்தைப் பார்த்தால் கொஞ்சம் வேகம் காட்டும்.

செட்டில் அவர்தான் எனக்கு மூத்தவர். எவ்வளவு மூப்பு என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பஸ்சு. இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் காலை முதல் பஸ்சில் வந்து சுமை தூக்குவோர் சங்கத்தில் முதல் ஆளாகப் பேரைக் கொடுத்துவிட்டார். நானும் அந்த பஸ்சுக்குத்தான் கிளம்பினேன். அடுப்பில் அடுத்த ஈடு பணியாரம் வெந்துகொண்டிருந்தது, சூடாக இன்னும் இரண்டைத் தின்றுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். அடுத்த பஸ்சில்தான் வர முடிந்தது. வாழ்க்கையில் நான் மெதுவாக இருந்தது அன்று ஒரு நாள்தான். அதைத்தான் சங்கத்தில் பதிந்து வைத்தார்கள்.

பழைய மேஸ்திரி வயதாகி, மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். சாக்பீஸ் டப்பா வாசல் ஓரத்தில் அனாதையாக இருந்தது. மேனேஜர் என்னைச் சொன்னார். நல்ல உழைப்பாளி, அவனைப் போடுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை இரண்டு நாளைக்குச் சோறு மாதிரி இருந்தது. சங்கத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரி வேலை மூப்புப்படிதான், அடுத்த ஆள் சிலமலைக்காரர்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

குடோனுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் சங்கச் செயலாளரை மடக்கினேன். அவரும் ஒரு காலத்தில் எங்களோடு மூட்டை தூக்கியவர்தான். சிலமலைக்காரரும் பக்கத்தில் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். உழைக்கிறவனுக்குத்தானே கொடுக்க வேண்டும், முதல் பஸ்சில் வந்தவனுக்குக் கொடுப்பதென்றால் பஸ்சு டிரைவரைத்தானே மேஸ்திரியாகப் போட வேண்டும் என்று வாதாடினேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு நீ வெரசா நடக்குறன்னு ஒனக்குக் குடுப்பாக. நாளைக்கு மேனேஜரு மச்சினன் ஒன்னைவிட வெரசா நடப்பான். அப்ப எங்ககிட்டத்தான் வந்து நிப்ப. மூப்புன்னா அதுல யாரும் கைய வைக்க முடியாதுப்பா."

நான் வாயைத் திறப்பதற்குள் சிலமலைக்காரர் பன்னை விழுங்கிவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"இத்தன வருசமா வெரசா நடந்து நேரத்த மிச்சம் புடிச்சியே மாப்ளே, அதையெல்லாம் எங்க வச்சிருக்க?"

 உங்களைப் போல நடந்தால் ஏலக்காய் வழியிலேயே முளைத்துவிடும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. சீசன் நெருங்கிவிட்டதால், முடிவாகும்வரை ஒரு நாள் அவர், ஒரு நாள் நான் என்று வாசலில் நிற்க வைத்தார்கள். வீட்டில் இந்தப் பாதிச் செய்தி முழுச் செய்தி ஆகிவிட்டது. என் பெண்டாட்டி எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்தாள். மூட்டை தூக்குகிறவனுக்கு வெள்ளைச் சட்டை எதற்கு என்று கேட்டால், இனிமேல் தூக்கப் போறதில்லையே என்றாள். சட்டையோடு, கையில் சாக்பீஸோடு என்னை நிற்க வைத்துப் படம் எடுத்து, 'எங்க வீட்டு மேஸ்திரி' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டாள். ராசிங்காபுரத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அவர் பார்த்தார். ஒரு கைகூப்பு அனுப்பினார். அன்று வீட்டில் கறிக்குழம்பு.

சிலமலைக்காரரின் நாளில் அவர் வாசலில் தூண் மாதிரி நின்றார். வெற்றிலையை மென்றுகொண்டு, மூட்டை வந்தால் கோடு, வராவிட்டால் சும்மா. முதுகில் ஈ உட்கார்ந்தால்கூட ஓட்டுவதில்லை. மேனேஜர் ஜன்னலில் இருந்து தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம்.

என் நாளில் எனக்குக் கை கால் ஓடாது. அதாவது ஓட வேண்டும் என்று துடிக்கும், ஓடக்கூடாது. எல்லாரும் ஆடி அசைந்து நடப்பதை நின்றுகொண்டே பார்ப்பது எனக்கு மூட்டை சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒருவன் மூட்டையை முதுகுக்கு ஏற்றத் தடுமாறினால் என் தோள் தானாகக் குனியும். சட்டை அழுக்காகுமே என்று நினைத்து நிமிர்ந்துகொள்வேன். முட்டிக்கு ஓய்வு கிடைத்தது, மனசுக்கு இல்லை.

அந்த மழை நாள் என் முறையில் வந்தது. மதியத்துக்கு மேல் போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. மேலே மஞ்சு இறங்கி, வளைவுகளில் வண்டி நின்று நின்று வந்ததால், முன்னும் பின்னுமாக வர வேண்டிய இரண்டு ஜீப்புகள் ஒன்றாக வந்து வாசலில் நின்றன. இரண்டும் வேறு வேறு தோட்டம். ஒன்று நல்ல பச்சை, திரட்சியான காய். இன்னொன்று வெளிறிய சின்னக் காய். ஜீப்புகளின் மேல் கட்டியிருந்த படுதா கிழிசல். தூறல் வலுத்தது. ஏலக்காய் நனைந்தால் நிறம் போய்விடும், நிறம் போனால் விலை போய்விடும்.

செட்டு ஆட்கள் வழக்கம்போல நடந்தார்கள். மழைக்காக ஒரு அடி கூடுதலாக வைக்கவில்லை. சிலமலைக்காரர் வரிசையின் முன்னால் யானை நடை. நான் வாசலில் சிவப்பு சாக்பீஸும் நீல சாக்பீஸுமாக நிற்கிறேன். மேலே ஜன்னலில் மேனேஜர்.

என்னால் முடியவில்லை. இரண்டு சாக்பீஸையும் காதில் செருகிக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு ஜீப்புக்குள் குனிந்துவிட்டேன். இந்த ஜீப்பில் ஒன்று, அந்த ஜீப்பில் ஒன்று என்று இழுத்து முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். முட்டி கடக் கடக் என்று தாளம் போட்டது. நான் ஓடுவதைப் பார்த்து மற்றவர்களும் வேகம் பிடித்தார்கள். அத்தனை வெரசாக அந்தக் குடோனில் லோடு இறங்கியதில்லை. ஒரு மூட்டைகூட நனையவில்லை. நெற்றி நீரை வழித்துவிட்டு, மேனேஜரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

அப்போது ஜீப்பு டிரைவர்களில் ஒருவர், எல்லை தாண்டி வந்த மலையாளத்துக்காரர், உள்ளே எட்டிப் பார்த்தார். மூட்டைகள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. கோடு போட்டது ஒன்றுகூட இல்லை. தன் மூட்டை எது என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"சேட்டா, இதில் என்றெ சாக்கு ஏதா?"

எனக்குக் காதில் சாக்பீஸ் கனத்தது.

அதற்குப்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய் பொறுக்கும் பெண்களை வீட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தி, ஒவ்வொரு மூட்டையாக வாயைப் பிரித்து, பச்சை எது வெளிறல் எது என்று பார்க்க வைத்தார்கள். பாதி மூட்டை பார்த்ததும் தெரிந்தது. மீதி எந்தப் பக்கமும் சொல்ல முடியாத ரகம். இரண்டு தோட்டக்காரர்களும் போனில், நல்ல காயெல்லாம் தங்களுடையது என்று அடித்துச் சொன்னார்கள். கடைசியில் கம்பெனிதான் இருவரையும் சமாதானப்படுத்தி நஷ்டத்தை ஏற்றது. பொறுக்கும் பெண்களில் மூத்தவர், நான் தலையைக் குனிந்துகொண்டு சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"மேஸ்திரி ஆனா எங்களுக்கு ஓவர்டைம் வாங்கித் தருவேன்னீக. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீகண்ணே."

மேனேஜர் கீழே இறங்கி வந்தார். அவர் ஜன்னலை விட்டு இறங்கினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். நாளையிலிருந்து நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி வேலைக்கு இல்லை, வேலைக்கே.  கொஞ்ச நாள் முன்னால் அதே வாயால் உழைப்பாளி என்று சொன்னாரே, அந்த வார்த்தை எங்கே போனது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சிலமலைக்காரர் ஓரமாகப் போய்ச் செயலாளருக்குப் போன் போட்டார். போன் போடுவதையும் மெதுவாகத்தான் போட்டார்.

செயலாளர் மழையிலேயே வந்தார். டீக்கடையில் அவரை நான் பேசிய பேச்சுக்கு, வராமல் இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க முடியாது. தலையைத் துவட்டிக்கொண்டே மேனேஜரிடம் சொன்னார்.

"இவன் எங்க செட்டுல ரெண்டாவது மூப்பு சார். ரெண்டாவது மூப்ப நீங்களா நிறுத்த முடியாது."

நஷ்டத்துக்கு யார் பொறுப்பு, காய் கலந்தது யாரால் என்று மேனேஜர் கத்தினார். செயலாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டையெல்லாம் சேறு, காதில் இன்னும் சாக்பீஸ்.

"அவன் ஒழைச்சதுனாலதான சார் கலந்துச்சு. நிக்கச் சொன்ன எடத்துல நின்னுருந்தா கலந்துருக்குமா? ஒழைக்கிறவன்னு நீங்கதான நிக்க வச்சீக."

மேனேஜர் திரும்பி மாடிக்குப் போய்விட்டார். என் வேலை தங்கியது. உழைப்பு கொண்டுபோய்த் தள்ளிய இடத்திலிருந்து பணியார மூப்பு என்னை இழுத்துப் போட்டது. நான் பணியாரத்துக்கு நன்றி சொல்வதா, அதைத் திட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒரு நாளில் தானாக அழிந்துவிடுமாம். பெண்டாட்டி சொன்னாள். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் நல்ல செய்தி.

இப்போது வாசலில் சிலமலைக்காரர்தான் நிற்கிறார். அவர் நிற்கும்போதும் ஒருமுறை மழையில் இரண்டு ஜீப்பு சேர்ந்து வந்தது. முதல் ஜீப்பு காலியாகும்வரை இரண்டாவதைத் தொடவிடவில்லை. டிரைவர் ஆரன் அடித்தார், நாங்கள் நனைந்துகொண்டு திட்டினோம், எனக்கு மறுநாள் காய்ச்சலே வந்துவிட்டது. இரண்டு மூட்டை நனைந்தும் போனது. மேனேஜர் அதற்கும் கத்தினார். ஆனால் நனைந்தது யார் மூட்டை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவருக்குப் பிறகு மூப்புப்படி நான்தான். அதில் யாரும் கைவைக்க முடியாது. ஒரே ஒரு சங்கடம், ஓய்வு மட்டும் வயதுப்படி. அவர் பங்குனியில் பிறந்தவர், நான் அதற்கு அடுத்து வந்த ஐப்பசி. அவர் ஓய்வு பெற்றுப் போன சூட்டோடு நானும் போகவேண்டியதுதான். வெள்ளைச் சட்டையைச் சேறு போக வெளுத்து, பெட்டியில் மடித்து வைத்திருக்கிறாள் பெண்டாட்டி. எதற்கு என்று கேட்டேன். ஐப்பசிக்கு மாலை போட்டு அனுப்புவார்களே, அதற்கு ஆகும் என்றாள்.

தினமும் காலையில் வாசலில் அவரைப் பார்த்ததும் உடம்பு எப்படி மாமா இருக்கிறது என்று விசாரிப்பேன். புதிதாகப் பார்க்கிறவர்கள் எவ்வளவு பாசம் என்று நினைப்பார்கள். அவருக்குத் தெரியும்.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல மாப்ளே. ஒன் முட்டிதான் சிலமலை வரைக்கும் கேக்குது. போ, வரிசைல நில்லு."

வரிசையில் இப்போது எனக்கு முன்னால் யாரும் இல்லை. அதனால் யாரையும் முந்த வேண்டியதும் இல்லை. மூட்டையை ஏற்றிக்கொண்டு, முட்டி சொல்கிற வேகத்தில் நடக்கிறேன். அவரைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் நிற்கிறேன், அவர் கோடு இழுத்து முடிக்கும்வரை. அதையும் மெதுவாகத்தான் இழுக்கிறார்.