தேயிலைப் பெட்டி சைட்கார்

ஒரு கால் போன மனிதனுக்கு ஊரில் தாராளமாகக் கிடைப்பது புத்திமதி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, ஒரு மழை நாளில், கொழும்பில் கிராண்ட்பாஸ் போகும் ட்ராம் தண்டவாளத்துக்குள் என் மோட்டார் சைக்கிளின் முன்சில்லு இறங்கி வழுக்கியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே தொடங்கிவிட்டார்கள். "இனி ஒரு இடத்தில இருந்து செய்யிற வேலையாப் பார்." "கடவுள் உயிரையாவது விட்டாரே." சொன்னவர்கள் எல்லோரும் இரண்டு காலில் நடந்து வந்து, சொல்லிவிட்டு, இரண்டு காலில் நடந்து போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஒரு தேயிலைக் கம்பனியின் விற்பனையாளன். வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டு கிருலப்பனை, நுகேகொடை என்று கடை கடையாக ஏறி இறங்கி, மாதிரித் தேயிலையைக் காட்டி ஓடர் எடுத்து வருவதுதான் என் வேலை. கம்பனித் துரை மோசமான மனிதர் அல்ல. வருசம் முடிவதற்குள், ஒற்றைக் காலோடும் நான் தனியாக வாகனம் ஓட்டலாம் என்று புது லைசென்ஸ் கொண்டுவந்தால் பழைய வேலை எனக்கே. இல்லாவிட்டால் ஸ்டோரில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்ட வேண்டும் என்றார். லேபல் ஒட்டுவது கேவலமான வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஜன்னல் இல்லாத அந்த ஸ்டோருக்குள் என்னைப் போட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஓட்டியே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

எனக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் றெயில்வேயில் ஃபிற்றர். என்னைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியிருந்தவன். மற்றவர் கொட்டாஞ்சேனையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். வயதில் மூத்தவர், அதனால் அண்ணன் முறையில் எங்கள் இருவருக்கும் அவர் நானா. மூன்று பேருக்கும் ஒரே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுப் பின்வளவில் கூடி உட்கார்ந்தால் உலக விசயம் ஒன்றும் கதைக்கமாட்டோம். பக்கத்தில், காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் ஒரு லொறி போகும். றெயில்வேக்காரன் கையைத் தூக்கி எங்களைப் பேசவிடாமல் செய்து, "மூண்டாவது சிலிண்டர் நித்திரை" என்பான். நானா ஒத்துக்கொள்ளமாட்டார். "நித்திரையும் இல்ல, ஒண்டும் இல்ல. வால்வு சுட்டுப் போய் இரிக்கி" என்பார். லொறி பம்பலப்பிட்டி தாண்டிப் போயிருக்கும். இவர்களுடைய சண்டை முடிந்திராது.

இரண்டு பேருக்கும் ஒரு வியாதி இருந்தது. நன்றாக ஓடுகிற எஞ்சினைப் பார்த்தால் கை சும்மா இராது. இன்னும் கொஞ்சம் நன்றாக ஓட வைக்கலாம் என்று எதையாவது திருகுவார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிகள்! ஆனால் அந்த ஆண்டிகள் இல்லாமல் எனக்கு வண்டி இல்லை.

ஆமிக்காரர் விட்டுப்போன பழைய இரும்புக் குவியலிலிருந்து நானா ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கண்டுபிடித்தார். காலால் கியர் மாற்றும் பெட்டி எனக்கு உதவாது என்று, டாங்கிக்குப் பக்கத்தில் கையால் மாற்றும் பழைய பெட்டி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். பிரேக்கை இடது காலுக்கு வைத்தோம். வண்டி சாயாமல் நிற்க இடது பக்கத்தில் சைட்கார் வேண்டும். ஒரு சின்னக் காரின் சில்லும், தேயிலைப் பெட்டிப் பலகையும் சேர்த்து றெயில்வேக்காரன் அதைச் செய்தான். மழையில் நனைந்தால் தேயிலை மணக்கும்.

பெரிய பிரச்சினை ஸ்டார்ட் பண்ணுவது. வலது பக்கம் இருக்கும் கிக்கரை எந்தக் காலால் உதைப்பது? அதில் தண்ணீர்க்குழாய்த் துண்டொன்றை மேல்நோக்கி ஒட்டவைத்து, ஆசனத்தில் இருந்தபடியே கையால் இழுக்கிற மாதிரிச் செய்தோம். இழுக்கத் தோளில் பலம் வேண்டும். கக்கத்தில் கட்டை ஊன்றி நடந்து நடந்து எனக்குத் தோள் நன்றாகத்தான் இருந்தது.

மனைவிக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. "ஒரு கால் போனது காணாதோ? மற்றதையும் குடுத்திட்டுத்தான் வருவியளோ?" என்றாள். சைட்காரைப் பார்த்து, "உந்தப் பெட்டிக்குள்ள நான் செத்தாலும் ஏறமாட்டன்" என்று சத்தியமே பண்ணினாள்.

வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் ஓட்டிப் பழகினேன். நான் புறப்பட்டால் கூட்டாளிகள் இரண்டு பேரும் பின்னால் ஓடி வருவார்கள். ஒருவன் ஆசனத்தைப் பிடித்தபடி, மற்றவர் சைட்காரைப் பிடித்தபடி. "விடுங்கோ!" என்று கத்துவேன். விடமாட்டார்கள். அவர்களுடைய செருப்புச் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அது எனக்குப் பெரிய எரிச்சல். அன்பு என்று தெரியும், தெரிந்தும் எரிச்சல்தான்.

லைசென்ஸ் சோதனைக்கு நாள் கிடைத்தது. வருசக் கடைசி; தவறினால் அடுத்த சோதனை தை மாதத்துக்குப் பிறகுதான். அன்று காலை மனைவி தேத்தண்ணி தந்தபடி, "நேற்று நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் உங்கட கூட்டாளிமார் வந்தவை. றெயில்வேக்காரர் முதல் வந்து வண்டிக்குப் பக்கத்தில குந்தியிருந்திட்டுப் போனார். பிறகு நானா வந்து குந்தியிருந்தார்" என்றாள். அவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பது புதினமா? நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கையை மிச்சம் பிடி மச்சான், நாங்கள் தள்ளிவிடுறம்" என்று றெயில்வேக்காரன் சொல்ல, இருவருமாகத் தள்ளியே எஞ்சினை எழுப்பினார்கள். லைசென்ஸ் உள்ளவன் கூட வரவேண்டும் என்பதால் அவன் சைட்காரில் ஏறிக்கொண்டான். நானா எனக்குப் பின்னால். காலி வீதியில் வண்டி பாய்ந்தது. எஞ்சினுக்குள் டொக் டொக் என்று ஒரு தட்டல் மட்டும் கேட்டது. கேட்க நினைத்துத் திரும்பினால் இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரிக் கள்ளச் சிரிப்பு.

சோதனை முற்றத்தில் பரிசோதகர் ஒரு பறங்கி மனிதர். வாயில் சிகரெட். என் கால் இருந்த இடத்தைப் பார்த்தார், வண்டியைச் சுற்றிப் பார்த்தார், எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பிறகு நிதானமாகச் சொன்னார்: நடுவழியில் நின்றால் தள்ள ஆள் இராது, நீயே ஸ்டார்ட் பண்ணு. இனி வேறு யாராவது வண்டியில் கை வைத்தால் சோதனை முடிந்தது.

நியாயமான பேச்சு. பிளக்கில் தீப்பொறி விழுவதைத் தாமதப்படுத்தும் நெம்புகோலைக் கடைசிவரை தள்ளிவிட்டு, குழாயைப் பிடித்து இழுத்தேன். எஞ்சின் திருப்பி அடித்தது. குழாய் என் முன்கையில் இறங்கிய வேகத்தில் கண் இருட்டியது. ஐயோ என்று கத்தினேன். இன்னொரு தடவை இழுத்தேன், இன்னொரு அடி. மணிக்கட்டு வீங்கத் தொடங்கிவிட்டது.

பிஸ்டன் மேலே வந்து சேர மிகவும் முன்னமே பொறி விழுந்தால்தான் எஞ்சின் இப்படித் திருப்பி உதைக்கும். பொறி விழும் நேரத்தைத் தீர்மானிப்பது மக்னீற்றோ. அதை நாங்கள் மூன்று பேருமாகச் சரியாக வைத்துப் பூட்டியிருந்தோம். அப்போதுதான் மனைவி சொன்னது உறைத்தது. முதல் ஒருவன் குந்தியிருந்தான். பிறகு மற்றவர் குந்தியிருந்தார்.

மதிலோரம் நின்ற இருவரையும் பார்த்தேன். "மக்னீற்றோவில் கை வைச்சனியோ?" என்று றெயில்வேக்காரனிடம் கத்தினேன்.

"ஒரு துளி மச்சான். சோதனையில ஏத்தம் ஏற வேணுமெண்டு ஒரு துளிதான் முன்னுக்குத் தள்ளினனான்."

நானா தலையில் கை வைத்துக்கொண்டார். "அல்லாஹ்வே! நானும் ஒரு துளி தள்ளினேனே!"

பாவிகள்! இரண்டு துளி சேர்ந்து என் கையை முறிக்கப் பார்த்திருக்கிறது. றெயில்வேக்காரன் அந்தப் பக்கம் திருப்பு என்கிறான், நானா சில்லைக் கழற்று என்கிறார், இரண்டு பேரும் மதிலை விட்டு என்னை நோக்கி வருகிறார்கள். "வாயைப் பொத்திக்கொண்டு அங்கையே நில்லுங்கோ ரெண்டு பேரும்! ஒருத்தன் கை வைச்சால் நான் ஸ்டோருக்குள்ள சாகவேண்டியதுதான்!" என்றேன். நின்றுவிட்டார்கள். நானாவின் கண் கலங்கியிருந்தது.

ஆசனத்திலிருந்து வழுக்கி இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன். பரிசோதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஸ்பானர் எடுத்துப் பிளக்கைக் கழற்றினேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மனிதரிடம் சிங்களத்தில் கேட்டு, அவருடைய விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை வாங்கிப் பிளக் ஓட்டைக்குள் விட்டேன். வண்டியைக் கியரில் போட்டுப் பின்சில்லை மெல்ல உருட்டினால், உள்ளே பிஸ்டன் ஏற ஈர்க்கும் ஏறும். அது உச்சிக்கு வந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல். பிறகு சில்லைப் பின்னால் உருட்டி, என் பெருவிரல் நகத்தின் நீளத்துக்கு ஈர்க்கு இறங்கும்வரை விட வேண்டும். அந்த இடத்தில்தான் பொறி விழ வேண்டும். அது எங்கள் பின்வளவில் நாங்களே கண்டுபிடித்த அளவு. அந்த எஞ்சினுக்கு என் நகம்தான் கணக்கு.

இனி மெல்லிய கடதாசி வேண்டும். மக்னீற்றோவுக்குள் ஒட்டிப் பிரியும் இரண்டு பல்லுக்கும் நடுவில் அதை வைத்து இழுத்துக்கொண்டிருந்தால், பல் திறக்கிற நொடியில் தாள் நழுவி வரும். பொறி விழுகிற நேரம் அதுதான். நான் பரிசோதகரை அண்ணாந்து பார்த்து அவர் சிகரெட்டைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு புதுச் சிகரெட் ஒன்றை எடுத்து, தானே பிரித்து, புகையிலையைக் கொட்டிவிட்டுத் தாளை நீட்டினார். நட்டைத் தளர்த்தி, வலிக்கிற கையால் மக்னீற்றோவைத் திருப்பித் திருப்பி, தாள் சரியான இடத்தில் நழுவும்வரை விடவில்லை. நட்டை இறுக்கினேன். பிளக்கைப் பூட்டினேன். சைட்காரைப் பிடித்து எழும்பி ஆசனத்தில் ஏறினேன்.

வலது கை எழும்பாது. உடம்பைத் திருப்பி, இடது கையால் குழாயைப் பிடித்தேன். "அடிச்சால் அடி, நான் விடமாட்டன்" என்று அந்த இரும்புக்கே சொல்லிவிட்டு இழுத்தேன். எஞ்சின் ஒரு தடவை இருமி, பிடித்துக்கொண்டது. மதிலோரம் இரண்டு கிழட்டுக் குழந்தைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன். சந்தியில் திருப்பினேன். பரிசோதகர் கேட்டதெல்லாம் செய்தேன். அவர் தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த மிச்சப் புகையிலையை ஊதித் தட்டினார்.

கூட்டாளிகள் ஓடி வந்து ஏறப் பார்த்தார்கள். "பஸ்ஸில வாங்கோ" என்றேன். கோபத்தில் சொல்லவில்லை, அவர்களுக்கும் அது விளங்கியது. காலி வீதிக்கு இறங்கி ஓடத் தொடங்கிக் கொஞ்சத் தூரத்தில்தான் கவனித்தேன்: பின்னால் செருப்புச் சத்தம் இல்லை.

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். வெறும் சைட்காரைப் பார்த்தாள். "மற்ற ரெண்டு பேரும் எங்கை?"

"பஸ்ஸில வருகினம்."

"அப்ப தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம்."

விறுக்கென்று உள்ளே போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது வேறு சேலை உடுத்திருந்தாள். கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு, சேலையைக் கூட்டிப் பிடித்து, தேயிலைப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

"கிருலப்பனைக்கு விடுங்கோ. அக்காவைப் பாத்துக் கன நாள்."

எனக்கு அழுகை வந்தது. ஓட்டிக்கொண்டே அழுதேன். அவள் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினாள்:

"அழுறதெண்டால் ஓரமா நிப்பாட்டிப்போட்டு அழுங்கோ! இல்லாட்டி ரோட்டைப் பாருங்கோ!"

நான் ரோட்டைப் பார்த்தேன்.