ஊர் எழுதாத கிணறு

வலிகாமத்துக் கிணறுகளின் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வொன்றில் ஒரு வருடம் வேலை செய்தேன். என்னோடு வேலைசெய்த அக்கா ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்த் தண்ணீரைப் போத்தல்களிலும் விபரங்களைக் கொப்பியிலும் கொண்டு வருவார். மருதனார்மடத்தில் ஒரு மாடி அறையில் இருந்து நான் அவற்றைக் கணினியில் ஒரே நீள அட்டவணையாக்குவேன்.

அந்த மத்தியானம் மழைக்கு மூடிக்கொண்டு வந்தது. கீழே சந்தை இரைச்சல் அடங்கி, எனக்கும் கண் சொருகியது. ஆர் என்ற புள்ளிவிபர மொழியில் அட்டவணையை ஊர்வாரியாகப் பிரிக்க ஒரு வரி போதும். எழுதினேன். கிணறுகள் மெல்ல விலகி, ஒவ்வொரு ஊர்ப் பெயரின் கீழும் போய் நின்றன. உயரத்தில் பறந்தபடி ஊர்களைப் பார்ப்பதுபோல, வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுக்களைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு கிணறு குறைந்தது. ஊர்ப் பெயர் இடாத வரியை அந்தக் கட்டளை எந்தக் குழுவிலும் சேர்க்காமல் சத்தமில்லாமல் விட்டுவிடும். அட்டவணையில் தேடினேன். ஊர் என்ற கட்டம் வெறுமையாக இருந்த ஒரே வரியில்தான், தோட்டத்து உரத்தால் தண்ணீரில் சேரும் நைத்திரேற்று எல்லாவற்றிலும் கூடுதலாக இருந்தது.

அக்காவைக் கேட்டேன். அவர் கொப்பியைப் புரட்டினார்.

"ஓம், உது உரும்பிராய்க்கும் கோப்பாய்க்கும் நடுவிலை நிக்கிற கிணறு. எந்த ஊரெண்டு அந்த வீட்டுப் பிள்ளைக்கே சரியாத் தெரியேல்லை. பிறகு விசாரிச்சு எழுதுவமெண்டு விட்டனான்."

கொப்பியை மூடினார்.

"அவ அப்ப பிள்ளைத்தாச்சி" என்றார்.

அந்தத் தண்ணீர் கைக்குழந்தைக்கு ஆகாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அக்காவின் ஸ்கூட்டரில் உடனே புறப்பட்டோம். செம்மண் ஒழுங்கையின் இருபுறமும் வெங்காயத் தாள்கள் காற்றில் சாய்ந்து கிடந்தன. மழை மணம் வந்தது, மழை வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். குழந்தை தோளில் கிடந்தது. தாய்ப்பால் போதாமல் பால்மாவும் கரைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். அடுப்பங்கரையில் கேத்தல் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீரால் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம் என்று அக்கா சொன்னதும் பதறியவரின் முகம் அடுத்த கணமே தெளிந்தது.

"நான் நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறன்."

கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் குழந்தையின் உதடுகளையும் நகங்களையும் பார்த்தார். பிறகு கேத்தலை எடுத்துக்கொண்டுபோய் வாழைக்கடியில் ஊற்றினார்.

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

அந்த எண் இரண்டு மாதமாக என் அட்டவணையில் கிடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்றே குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றுமில்லை என்று தெரியும்வரை நாங்களும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பிரதேச சபைக்கு அக்கா எழுதிக் கொடுக்க, குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி அந்த ஒழுங்கைக்கும் வரத் தொடங்கியது.

பிறகொருநாள் நான் அந்த வழியால் போனபோது அந்தப் பெண் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் தந்தார். இது பவுசர் தண்ணீர்தான் என்று சிரித்தார். குழந்தை பாயில் குப்புறப் புரண்டு, தலையைத் தூக்கி, என்னை யாரென்று வெகுநேரம் பார்த்தது.