வாயை மணந்து பார்த்தவர்

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மோர்னிங்சைட் வீட்டில், பிரிட்ஜின் மூலையில் மறந்து கிடந்த திராட்சைச் சாற்றுப் போத்தலைத் திறந்தேன். குப்பென்று புளித்த மணம். அந்த மணத்தில் எனக்குத் திரும்பவும் பத்து வயதாகிவிட்டது.

அப்பா அப்போது ஊரில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர். ஊர் ஊராக எழுப்புதல் கூட்டம் வைத்துக் குடியை ஒழிக்கப் புறப்பட்டவர். ஆலயத்தில் ஆளுக்கொரு மிடறு கொடுக்கும் திருவிருந்துக்கும் வைன் கூடாதென்று, உலர்ந்த திராட்சையை அம்மாதான் அவித்துப் பிழியவேண்டும். திருவிருந்து ஞாயிறுகளில் ஆலய வாசலில் நின்று ஒவ்வொரு ஆணின் வாயையும் மணந்து பார்த்தே உள்ளே விடுவார்.

ஒருமுறை அம்மா மூன்று நாள் முந்தியே பிழிந்து வைத்துவிட்டா. வெக்கையில் சாறு நுரைத்துக் கிடந்தது.

"அம்மா, கள்ளு மணக்குது."

"வாயைப் பொத்து. அப்பாட்டைச் சொல்லிப்போடாதை."

அன்றைக்கு வாசலில் மேசன் செல்லையா பிடிபட்டார். "பிள்ளையளுக்கு முன்னாலை உனக்கு வெக்கமில்லையே?" என்றார் அப்பா. செல்லையா பிள்ளைகளின் கையை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். பிறகு ஆலயப் பக்கம் வரவேயில்லை.

உள்ளே பெரியவர்கள் எல்லோரும் அந்த நுரைத்த சாற்றைக் குடித்தார்கள். மிச்சத்தை அப்பா முகம் மாறாமல் குடித்து முடித்தார். வெளியே வரும்போது அவர் ஒருவரின் வாயையும் மணக்கவில்லை.

போத்தலைச் சிங்க்கில் கவிழ்க்கிறேன். போன மாதம் ஸ்காபரோவில், அப்பாவின் அடக்க ஆராதனையில், "ஒரு சொட்டும் தொடாத மனுசன்" என்றார்கள். நான் முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.