வெள்ளைத் துணி விரிக்கிறவர்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே, அக்கா இருக்கும் தேயிலைத் தோட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். டவுனிலிருந்து மருந்து கொண்டுவரும் ட்ரோன் இறங்க, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரிப்பது அவர் வேலை. தோளில் கம்பளி, வளைந்த முழங்கால்கள். நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு, எதிர்மலைக் கோயில் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் ட்ரோன் வரும். தெரியாவிட்டால் அவரே நடந்துபோய் மருந்தைக் கொண்டுவர வேண்டும்.

அன்று அக்காவுக்கு இன்சுலின் தீர்ந்திருந்தது. மலையையே காணோம், அப்படியொரு மூடுபனி.

"ட்ரோன் சோதனையெல்லாம் முடிஞ்சுது, இனிமே தினமும் வரும்னாங்களே?" என்றேன்.

"வருதுங்களே! வெயிலடிச்சா டாண்ணு வந்துரும். வெயிலடிச்சா எனக்கும் நடக்கச் சொகந்தாங்க. மழையும் பனியும் வந்தா அது லீவு போட்டுருது, எனக்குத்தான் லீவு இல்ல."

"அப்போ இந்தத் துணியை மடிச்சிரலாமே?"

"கெடக்கட்டுங்க. பனி வெலகினா வந்து எறங்க எடம் வேணாமா?"

இறங்கிப் போனார். பத்தடியில் பனி அவரை மூடிக்கொண்டது.

சாயந்தரம் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பினார். கம்பளிக்குள்ளிருந்து எடுத்து அக்காவிடம் நீட்டிய இன்சுலின் பெட்டியில் மட்டும் ஒரு துளி ஈரமில்லை. மூச்சு வாங்க என்னைப் பார்த்தார்.

"அது வந்துச்சுங்களா?"

"இல்லைங்க."

அந்த முகத்தில் தெரிந்தது ஏமாற்றமா, ஆறுதலா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. குனிந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். துணி கனத்துக் கிடந்தது. மறுமுனையை நான் பிடித்துக்கொள்ள, இருவருமாகப் பிழிந்தோம்.